மெழுகு காயும் நேரம்

மெல்லிசாகப் பூசு, இன்னும் மெல்லிசாக, பூசினதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதைச் சொன்னது என்னைக் கட்டினவனா சிஸ்டர் பெலாஜியாவா என்று எனக்குச் சில நேரம் குழம்பிப் போகிறது, ரெண்டு பேரும் ஒரே குரலில்தான் சொன்னார்கள். சிஸ்டர் சொன்னது கான்வென்ட் வராந்தாவின் சிவப்புத் தரைக்கு, ஜெபத்தில் சிரித்தவள், தமிழில் பேசினவள், ரிப்பன் கட்டாமல் வந்தவள் எல்லோரும் வரிசையாக மண்டியிட்டு மெழுகு தேய்க்க வேண்டும். அவன் சொல்வது இந்தக் கருநீலக் காருக்கு. அப்பிப் பூசினால் அதிக நாள் நிற்கும் என்று நினைக்காதே, அப்பினது காயாது, காயாதது ஒட்டாது, ஒட்டாதது முதல் மழையோடு போய்விடும். நேற்றே ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்து ஒரு பூச்சு போட்டாயிற்று, இது ரெண்டாவது பூச்சு. உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவருக்கு மேலே சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், தகடு சூடாகிவிட்டால் மெழுகு திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்பாஞ்சில் ஒரு பொட்டு தொட்டு, கதவில் சின்னச் சின்ன வட்டமாக. தூத்துக்குடிக் காற்றுக்கு விடியற்காலையிலேயே நாக்கு முளைத்துவிடுகிறது, உப்பளத்திலிருந்து வந்து காரை நக்குகிறது, என் உதட்டை நக்குகிறது, கொடியில் கிடக்கும் பிள்ளையின் சட்டையை நக்குகிறது. வீட்டுக்குள் கார் நிறுத்த இடமில்லை, சந்தில்தான் நிற்க வேண்டும், வெயிலிலும் பனியிலும் நிற்கிற வண்டிக்கு மெழுகுதான் சட்டை என்பான். பிள்ளைக்கு எது சட்டை? நான்தான். என்னை யார் மெல்லிசாகப் பூசி வைத்தார்களோ, ஒரு தடவை அவன் குரலை உயர்த்தினால் கரைந்து போகிறேன். நைட்டிப் பையில் சாவி தொடையில் இடிக்கிறது. அவன் வருகிற ரயில் இந்நேரம் கோவில்பட்டி தாண்டியிருக்கும்.

மனதுக்குள் அவன், வாயில் மரியாதைக்கு அவிய. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பூச்சு, அதுவும் நன்றாகக் காய்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. சற்று முன்பு பக்கத்து வீட்டுக் கிளாடிஸ் அக்கா பூசைக்குப் போகிற அவசரத்திலும் நின்று பார்த்துவிட்டு, “என்ன ரோஷ்லின், விடியக்காலமே மாப்பிள்ளையக் குளிப்பாட்டுதியா?” என்றாள். “மாப்பிள்ள இன்னும் ரயில்லதான்க்கா இருக்காவ. இது அவியளோட மூத்த பொண்டாட்டி” என்றேன். அக்கா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மூத்தவ தளதளன்னுதான் இருக்கா. எளையவ மூஞ்சியக் கண்ணாடில பாத்தியாளா? உப்புப் பூத்துக் கெடக்கு.” நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கதவின் விளிம்பில் சாவியின் பல்லை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே இழுவையாக இழுப்பது போல நினைத்தேன், அந்தச் சத்தம் கூடக் கேட்டது, பல் கூசியது. நினைத்தாலே பாவம் என்று கான்வென்டில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் நான் இந்தக் காரை எத்தனையோ விதமாகக் கொன்றாயிற்று. பெட்ரோலில் சீனி போட்டாயிற்று. பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்துத் தலையோடு ஊற்றியாயிற்று. அது ஆகவே ஆகாது, மெழுகையெல்லாம் தின்றுவிடும் என்று வேலை பார்க்கிற கப்பலிலிருந்து போனில் வாய்ஸ் அனுப்பியிருந்தான். ‘காக்கா எச்சம் விழுந்தா காயவிடாத. ஈரத்துணியப் போட்டு ஊற வச்சு எடு, சுரண்டாத. உப்புத்தூசி மேல துணி போடாத, மொதல்ல தண்ணிய ஊத்து, அதுக்கப்புறம் கைய வை. அழுக்கு மேல கவர் போட்டா அது கவர் இல்ல, உப்புத்தாளு, பெயின்டத் தேச்சுரும்.’ எத்தனை வாய்ஸ். பிள்ளை ஜொவிக்கு அம்மை போட்டிருந்தபோதும் ஒரு வாய்ஸ் வந்தது, அவசரமாகத் திறந்தேன், டயருக்குக் காற்றுப் பார்த்தாயா என்றிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பயத்தில் செய்கிற வேலை பக்தியில் செய்கிற வேலையைப் போலவே சுத்தமாக இருக்கும், சிஸ்டர் பெலாஜியாவுக்கு அது தெரியும்.

கதவு வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகிறது. காய்கிறது. விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும், விரல் போன இடம் பளிச்சென்று தெரிந்தால் காய்ந்துவிட்டது, ஈரமாய் இழுசினால் இன்னும் ஆகவில்லை. இந்த விரல் சோதனையைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு என் விரலாலேயே செய்கிறேன். போன லீவில் அவன் விரல். கத்திரி வெயில். பானட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி, ஒவ்வொன்றும் காய்ந்த உப்பு வளையம், தேய்த்தாலும் போகவில்லை, பெயின்டைத் தின்றிருந்தது. ஜொவி பக்கத்தில் வாளியும் மக்குமாக விளையாடிக்கொண்டிருந்தாள். “நீதான தெளிச்ச?” அப்பா அந்தக் குரலில் எதைக் கேட்டாலும் அவள் தலையாட்டிவிடுவாள், நீ குரங்குதானே என்று கேட்டாலும் ஆட்டுவாள். ஆட்டினாள். அவன் அடிக்கவில்லை. நான் கை நீட்டுற ஆளு இல்ல என்பதில் அவனுக்குப் பெரிய பெருமை. அலுங்காமல் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி வைத்திருக்கிறான், பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று. “வெளிய நின்னு காயுற வண்டிக்கு எப்படி இருக்கும்னு உள்ள இருந்து பாக்கட்டும்.” நான் கைப்பிடியை இழுத்தேன், இழுத்தேன், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. “நெழல்லதான நிக்கி, என்ன துள்ளுத?” சாவி அவன் கைக்குள். டயருக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்தேன். “போடு பாப்போம், கண்ணாடி தெறிச்சு அவ மூஞ்சிலதான் குத்தும்” என்றான், அது நிஜம், கீழே வைத்தேன். பானட்டில் மெழுகு பூசிக்கொண்டே போனான், அவசரமே இல்லாமல். திறங்க, திறங்க, உங்க காலப் பிடிக்கேன், திறங்க. “மெழுகு காயட்டும், திறக்கேன்.” விரலால் ஒரு இழுப்பு. இழுசியது. “காயட்டும்.” கண்ணாடியில் அவளுடைய ரெண்டு உள்ளங்கையும் ஒட்டியிருந்தன, வாய் திறந்து மூடியது, சத்தமில்லை. கண்ணாடி ஏற்றினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று வாங்கிய நாளில் பீற்றிக்கொண்டானே, உள்சத்தமும் வெளியே வராது. மறுபடியும் விரல். பளிச்சென்றது. திறந்தான். பிள்ளை தண்ணீரில் முக்கி எடுத்த துணி போல என் தோளில் விழுந்தாள். சீட்டை நனைத்திருந்தாள். அதையும் நான்தான் கழுவினேன்.

மாமி அப்போது வாசல்படியில் நின்றார்கள். என் மாமியார், கையில் செபமாலை. எல்லாம் முடிந்தபின், “வெளாட்டுக்குச் செய்தான்ம்மா, பெத்த பிள்ளைய வேணும்னா செய்வான்?” என்றார்கள். நான் அதையும் விழுங்கினேன், ஏனென்றால் அன்று எனக்குத் தெரியாது. அவன் கப்பலுக்குப் போனபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜன்னலில் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறேன், மாமி பூசை முடிந்து வருகிறார்கள், மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் குப்பி, நீலக் கிரீடம்தான் மூடி, அதைத் திருகித் திறந்து, என் மகன் வண்டிக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது ஆண்டவரே என்று முணுமுணுத்துக்கொண்டு, கையில் ஊற்றி ஊற்றிப் பானட்டின் மேல் தெளிக்கிறார்கள். தீர்த்தம். மந்திரிக்கும்போது சாமியார் தண்ணீரில் உப்புப் போடுவார், எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தீர்த்தத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, அதுவாகக் காய வேண்டும், மாமிக்கு அது நியமம். வெயிலில் அதுவாகக் காய்ந்தது. புள்ளி புள்ளியாக, வளையம் வளையமாக. சீப்பு பிள்ளையின் தலையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கும் தெரிந்துதானே நின்றார்கள். செபமாலையை உருட்டிக்கொண்டு, யாருடைய புள்ளி என்று தெரிந்து, பேத்தி தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு, காயட்டும் காயட்டும் என்பதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார்கள். அதன்பிறகு முதல் வெள்ளி தோறும் அவர்கள் உள்ளே போனதும் நான் வந்து கழுவித் துடைத்துவிடுவேன். தீர்த்தத்தைத் துடைக்கிற பாவத்தை என் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக. இன்றைக்கு முதல் வெள்ளி. இன்றைக்குத் துடைக்கப் போவதில்லை. அவன் வந்து இறங்குவான், பையைக் கூடக் கீழே வைக்காமல் பானட்டைப் பார்ப்பான், பளபளவென்று நிலைக்கண்ணாடி போல இருக்கிற நீலத்தில் அவன் அம்மா தெளித்த புள்ளிகள் நிற்கும், யாரு இது என்பான், அப்போது சொல்வேன். எத்தனை ராத்திரி படுக்கையில் சொல்லிப் பழகியிருக்கிறேன், உங்க அம்மாட்ட கேளுங்க, உங்க அம்மாவ வைங்க உள்ள, காயட்டும். இந்த இடம் வரை நன்றாக ஓடும். இதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது. ஏனென்றால் அவன் அம்மாவைப் பார்க்க மாட்டான். பிள்ளையைத்தான் பார்ப்பான். மாமி மாலையை உருட்டுவார்கள். ஜொவி தலையாட்டுவாள்.

“இன்னும் முடியலியாம்மா?” மாமிதான். பூசை முடிந்து வந்துவிட்டார்கள், வெள்ளைச் சேலை, கக்கத்தில் ஜெபப் புத்தகம், கையில் குப்பி. “ரயிலு வந்துருக்கும், மணியாச்சி தாண்டிட்டேன்னு மகன் போன் போட்டான் பாத்துக்கோ.” எனக்குப் போடவில்லை. “பூசையில அவனுக்காவத்தான் வேண்டுனேன். நீ கொஞ்சம் தள்ளிக்கோ.” தள்ளிக்கொண்டேன். முதல் பூச்சு காய்ந்து மினுங்கிய பானட்டில் கை நிறைய ஊற்றித் தெளித்தார்கள், தண்ணீர் பரவவில்லை, உருண்டு உருண்டு முத்து முத்தாக நின்றது. அப்படி நின்றால் மெழுகு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், படுத்துவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம், அவன் வந்ததும் செய்து பார்க்கிற முதல் பரீட்சை இதுதான். “என்ன அழகா நிக்கி பாரு, மாதாவோட கிருபை” என்றார்கள். நேற்று முழுக்கத் தேய்த்து என் தோள்பட்டை கழன்ற கிருபை. “நல்லாத் தெளிங்க மாமி” என்றேன், என் குரல் எனக்கே தேன் மாதிரி இருந்தது, “இன்னும் அந்தப் பக்கம். ஒரு எடத்தையும் விட்டுராதீங்க.” “உள்ளயும் தெளிக்கணுமே, கதவத் தொற.” பின்கதவைத் திறந்துவிட்டேன். முட்டு வலி, ஒரு காலைத் தூக்கி வைத்து மறுகாலைக் கையால் எடுத்து வைத்து உள்ளே ஏறி, தெளித்துவிட்டு, அப்படியே சீட்டில் சாய்ந்துகொண்டார்கள். “யப்பா. மெத்து மெத்துன்னு இருக்கு. அவன் வார வரைக்கும் இப்படியே இருக்கேன்.” பிள்ளை உட்கார்ந்த அதே பக்கம். கதவைச் சாத்தினேன். சாத்தினது நான்தான், கை தானாகச் செய்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பையிலிருந்த சாவியை நைட்டியோடு சேர்த்து அழுத்தினேன். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், விளக்கெல்லாம் ஒரு தடவை கண் சிமிட்டின.

கொஞ்ச நேரம் மாமிக்குத் தெரியவில்லை, மாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்கதவில் ஸ்பாஞ்சை வைத்தேன். மெல்லிசாக. சின்ன வட்டம். சூரியன் சுவர் மேல் ஏறி முதல் வெளிச்சம் காரின் கூரையைத் தொட்டது. பிறகு அவர்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்கள். கண்ணாடி இறக்குகிற பொத்தானை அழுத்தினார்கள், சாவி போடாமல் அது இறங்காது. கைப்பிடியை இழுத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் வட்டம் போட்டேன். கண்ணாடியில் தட்டினார்கள், மோதிரம் பட்டு டொக் டொக் என்றது, வாய் ‘யம்மா’ என்று விரிந்தது, முன்சீட்டைத் தாண்டிப் போக முட்டு விடாது என்று அவர்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். என் உடம்பில் எங்கிருந்தோ ஒரு குளிர்ச்சி, இனிப்பு, அப்படி ஒரு நிம்மதியை நான் நற்கருணை வாங்கியபோது கூட அறிந்ததில்லை, அதுதான் பயமாக இருந்தது, பயத்தோடேயே சந்தோஷமாகவும் இருந்தது. இப்படித்தான் இருந்திருக்குமா அவனுக்கு? இவ்வளவு சுலபமா? ஒரு பொத்தான், பிறகு வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். மாமியின் முகம் சிவந்து நெற்றி நரைமயிர் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து, அவர்கள் என் உதட்டைப் படிக்கிற மாதிரி நிறுத்திச் சொன்னேன். “காயட்டும் மாமி.” படித்துவிட்டார்கள். தட்டின கை அப்படியே நின்றது. எந்த நாளைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவர்களுக்குப் புரிந்ததை நான் பார்த்தேன். மாலை மடியில் விழுந்தது. விரலை எடுத்துக் கதவில் ஒரு இழுப்பு இழுத்தேன். இழுசியது.

“பாட்டிமாவ எதுக்கும்மா உள்ள வச்சிருக்க?” ஜொவி. தூக்கம் கலையாத முகம், ஒரு காலில் மட்டும் செருப்பு. பாட்டிமா தப்புச் செய்தாங்க என்று சொல்வேனா, அதுவும் அவன் வாக்கியம்தானே. அவள் பதிலுக்கு நிற்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போனாள், அந்தக் கதவுக்கு மட்டும் இத்தனை மாதமாக அவள் கிட்டவே போவதில்லை, சந்தில் நடந்தாலும் சுவரோரமாக ஒட்டிப் போவாள், இன்றைக்குப் போனாள். நுனிக்காலில் நின்று கண்ணாடியில் தன் உள்ளங்கையை வைத்தாள். “பாட்டிமா, கத்தாதீங்க. கத்துனா ரொம்ப வேர்க்கும்” என்று சத்தம் போட்டுச் சொன்னாள். “ரெண்டு கையையும் கண்ணாடில வைங்க. இங்க, இங்க. நெழல் பக்கம் குளுகுளுன்னு இருக்கும். கொஞ்ச நேரத்துல கண்ணாடி சுட்டுரும், அப்ப வேற எடத்துல வைக்கணும்.” மாமி வைத்தார்கள், சுருக்கம் விழுந்த உள்ளங்கை, அந்தப் பக்கம் சின்ன உள்ளங்கை. ஆகா. ஆண்டவரே. நான் தினம் தினம் மனதில் வைத்துக் கும்பிட்ட அந்த ரெண்டு கை, அம்மா காப்பாத்து காப்பாத்து என்று என்னைக் கெஞ்சின கை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், அது என்னைக் கெஞ்சவே இல்லை. கொஞ்சம் குளிர்ச்சி தேடியிருக்கிறது. யாரும் திறக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்து, தனக்குத் தானே வழி பார்த்திருக்கிறது. என் பிள்ளை இப்போது இன்னொருத்திக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறது, நான் சாவியை வைத்துக்கொண்டு மெழுகு காய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அழுத்தினேன். டிக். கதவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து வந்த வெக்கை என் முகத்தில் அடித்தது. மாமி காலைத் தூக்கி வெளியே வைக்க நேரமாயிற்று, நான் கை கொடுக்கவில்லை, ஜொவிதான் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. என்னைத் திட்டுவார்கள், மகன் வரட்டும் என்பார்கள், தெருவைக் கூட்டுவார்கள் என்று பார்த்தேன். பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள், பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தார்கள். “எம்புட்டு நேரம்ளா இருந்த நீ உள்ள?” என்று அவளைக் கேட்டார்கள். ஜொவிக்கு நேரம் சொல்லத் தெரியாது. “மெழுகு காயுற வரைக்கும்” என்றாள். மாமி வாயைத் திறந்து மூடினார்கள், சத்தம் வரவில்லை, இந்தத் தடவை நடுவில் கண்ணாடியும் இல்லை. மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. அந்த இனிப்பு இன்னும் அடிநாக்கில் இருந்தது.

சந்து முனையில் ஆட்டோ திரும்பிற்று. அவன் இறங்கினான், தாடி, புது ஷூ, தோளில் பை. நான் நினைத்த மாதிரியே பை கீழே இறங்கவில்லை, கண் நேராகப் பானட்டுக்குப் போயிற்று. வெயில் இதற்குள் முத்துகளையெல்லாம் குடித்துவிட்டிருந்தது, நீலத்தில் வெள்ளை வளையங்கள். “யாரு இது?” அந்தக் குரல். மாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. “ஜொவி. நீதான?” தலையாட்டப் போய் அவளுடைய தாடை கீழே இறங்க ஆரம்பித்தது. நான் மெழுகுக் கையை அதன் கீழே கொடுத்தேன், கிண்ணம் போல ஏந்தினேன், தாடை என் உள்ளங்கையில் நின்றது. இறங்கவில்லை. “நாந்தான்டே” என்றார்கள் மாமி. குப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். “போன தடவையும் நாந்தான். தெரிஞ்சிதான் சும்மா நின்னேன்.” அவன் சிரிக்கப் பார்த்தான், கோபப்படப் பார்த்தான், ரெண்டும் சரியாக வரவில்லை. “என்னம்மா நீங்க, காலங்காத்தாலே. சரி விடுங்க.” அம்மா என்றால் சரி விடுங்க. பை கீழே இறங்கியது. கையை என் பக்கம் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல், கடையில் மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி. “சாவியக் கொண்டா.”

சாவி என் கைக்குள் இருந்தது, பல்லெல்லாம் உள்ளங்கையில் பதிய. முன்கதவில் மெழுகு வெளுத்திருந்தது. விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

“காயட்டும்” என்றேன்.